மூட்டுவலிக்கு எண்ணெய் மட்டும் போதுமா?

உழைக்கும் மனிதனின் உடம்பு முதன்முதலில் முறையிடுவது மூட்டுகளில்தான். நாஞ்சில் நாட்டில் இதை அறியாத வீடு இல்லை. சேற்றில் குனிந்து நடவு நட்ட மூதாட்டிக்கு இடுப்பில் வலி. அண்டி ஆபீசில் நாள் முழுதும் குந்தியிருந்து முந்திரிக்கொட்டை உடைத்த பெண்ணுக்கு முட்டிலும் மணிக்கட்டிலும் வலி. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்கி ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்குக் கணுக்காலிலும் தோளிலும் வலி. கடற்கரையிலிருந்து மீன்கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்ற தாய்க்குக் கழுத்திலும் முதுகிலும் வலி. வலியோடு கூடவே, எழுந்து நிற்கவும் மனமில்லாத ஓர் அசதி.

இவர்கள் எல்லோருக்கும் இன்று ஒரே மருந்துதான் சொல்லப்படுகிறது: ஒரு குப்பி எண்ணெய்! டெலிவிஷனைத் திறந்தால் எண்ணெய். கைபேசியைத் திறந்தால் எண்ணெய். பஸ் நிலையத்துச் சுவரிலும் எண்ணெய். தேய்த்தவுடன் வலி பறந்துவிடுமாம். எழுபது வயது முழங்கால் பதினாறு வயது முழங்காலாகிவிடுமாம். எல்லாம் ஆயுர்வேதத்தின் பேரால்!

ஆயுர்வேதத்தைப் பழிப்பது நம் நோக்கமல்ல. நம் கேள்விகள் இரண்டே இரண்டுதான். ஆயுர்வேதம் உண்மையில் சொல்வது இதுதானா? அது சொல்லும் சிகிச்சை உழைப்பாளிக்குக் கிடைக்கிறதா?

இந்த மண்ணில் ஆயுர்வேதம்

1956 நவம்பர் 1-ந் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. அதற்கு முன் இது திருவிதாங்கூர் பூமி. அந்தச் சமஸ்தானம் 1889-லேயே திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலை தொடங்கியிருந்தது. தஞ்சாவூர்க்காரருக்கும் சேலத்துக்காரருக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லாத கிழியும் பிழிச்சிலும் தன்வந்தரம் தைலமும் நம் பாட்டிமார் வாயில் சாதாரண வார்த்தைகளாக இருப்பதன் காரணம் இதுவே. வர்ம ஆசான்களின் சித்த வைத்தியமும் இங்கே ஆழமாக வேரூன்றியது. இரண்டும் அண்டை வீட்டார் போல வாழ்ந்து வந்தன. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகர்கோவில் கோட்டாற்றில் 2009-ல் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழகத்தில் சர்க்கார் நடத்தும் ஆயுர்வேதக் கல்லூரி இது ஒன்றுதான்.

ஆகவே, மூட்டுவலிக்கு ஆயுர்வேதம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று கேட்க நாஞ்சில் நாட்டு மக்களைவிட உரிமையுள்ளவர்கள் யார்?

நூல் சொல்வது வேறு

விளம்பரக்காரன் 'மூட்டுவலி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறான். பழைய வைத்திய நூல்கள் அப்படி முடிக்கவில்லை. அவை முதலில் கேட்பது, எந்த மூட்டுவலி என்பதே.

ஒன்று, சந்திவாதம். வயதாலும் பாரத்தாலும் மூட்டு தேய்ந்து, மடக்கி நீட்டினால் வலிப்பது. சரகர் இதை வாத நோய்களில் சேர்த்துச் சொல்கிறார். இன்றைய டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்பது பெரும்பாலும் இதைத்தான். இதற்குத் தைலம் உண்டு, ஒற்றடம் உண்டு. நொச்சி, எருக்கு, ஆமணக்கு இலைகளை வதக்கிக் கட்டும் இலைக்கிழியும் உண்டு.

இரண்டாவது, ஆமவாதம். சுமார் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மாதவ நிதானம் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. மூட்டுக்கு மூட்டு வீக்கம் தாவும்; காய்ச்சல் அடிக்கும்; பசி போகும்; உடம்பு கனத்து அசதி தட்டும். செரிக்காமல் தங்கும் 'ஆமம்' என்னும் கழிவே காரணம் என்பது அந்தக் காலத்து விளக்கம். உடம்பின் காப்புச் சக்தியே உடம்பை எதிர்த்துத் திரும்பும் முடக்குவாதம் என்று இன்றைய விஞ்ஞானம் கூறும் நோயின் அடையாளங்கள் இதோடு பெரிதும் ஒத்துப்போகின்றன.

இந்த நோய்க்கு நூல் சொல்லும் சிகிச்சை என்ன? எண்ணெய் தேய் என்றா? இல்லை! முதலில் வயிற்றைக் காயப்போடு என்கிறது. மணலை வறுத்துத் துணியில் கட்டி எண்ணெய் படாத உலர்ந்த ஒற்றடம் கொடு என்கிறது. சுக்கு கொடு, ஆமணக்கெண்ணெயால் பேதிக்குக் கொடு, தயிரையும் உளுந்தையும் விலக்கு, காணம் சேர்த்த லேசான ஆகாரம் கொடு என்கிறது. ஆமம் தணியுமுன் தைலம் தேய்த்தால் நோய் கூடும் என்று நல்ல வைத்தியர் எச்சரிப்பார்.

மூன்றாவது, வாதரக்தம். பெரும்பாலும் கால் பெருவிரலில் தொடங்கிச் சிவந்து வீங்கும் வலி. சரகர் இதற்கும் தனி அத்தியாயம் வைத்தார். இதில் சீந்திலுக்கு முதலிடம். யூரிக் அமிலம் கூடி வரும் நோயாக இதன் ஒரு பகுதியை இன்று அறிகிறோம்.

மூன்று நோய், மூன்று வழி. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கெடுதல். அப்படியிருக்க, எல்லா மூட்டுவலிக்கும் ஒரே குப்பி என்று கூவுகிறவன் ஆயுர்வேதத்தை விற்கவில்லை. ஆயுர்வேதத்தின் பேரை விற்கிறான்.

அசதியின் கதை

அசதி விஷயமும் இப்படித்தான். 'தளர்ச்சி நீக்கும்' லேகியங்கள் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அமுக்கராக் கிழங்கு இன்று உலகச் சந்தைச் சரக்காகிவிட்டது. ஆனால் அசதி ஒரு நோயல்ல. பல நோய்களின் வாசற்படி. முடக்குவாதத்தில் அசதி உண்டு. தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை ஏறினாலும் அசதி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தசோகை! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். விடியுமுன் எழுந்து, வீட்டு வேலையும் ஆலை வேலையும் பார்த்து, எல்லோரும் உண்டபின் மிச்சம் மீதியை உண்ணும் பெண்ணின் அசதிக்கு லேகியம் ஒரு டப்பா என்பது, பசித்தவனுக்குப் பாக்கு கொடுத்த கதைதான்.

2006-ல் தமிழகத்திலும் மறு ஆண்டு கேரளத்திலும் சிக்குன்குனியா பரவியதை யாரும் மறக்கவில்லை. காய்ச்சல் சில நாளில் போயிற்று. மூட்டுவலியும் அசதியும் பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடித்தன. மாத்திரையால் முழுதும் தீராத அந்த நீண்ட வலிதான் ஆயுர்வேதத்தின் பொறுமையான சிகிச்சைக்கு ஏற்ற களம். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

சோதனை என்ன சொல்கிறது?

பழசு என்பதால் எல்லாம் உண்மையுமல்ல, பொய்யுமல்ல. சோதித்துப் பார்ப்பதே விஞ்ஞானம். சோதனைகள் நடந்திருக்கின்றன.

கோயம்புத்தூரில் 43 முடக்குவாத நோயாளிகளை மூன்று பிரிவாக்கி 36 வாரம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆயுர்வேத மருந்து, ஒரு பிரிவுக்கு மெதோட்ரெக்சேட், ஒரு பிரிவுக்கு இரண்டும். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. 2011-ல் முடிவு வெளியாயிற்று: மூன்று பிரிவிலும் குணம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் எண்ணிக்கை சிறிது. பெரிய ஆய்வு வேண்டும் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அங்கே எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்கப்படவில்லை. வைத்தியர் ஆளுக்கேற்ப மருந்து தேர்ந்தார்.

2013-ல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வில் முழங்கால் தேய்மானமுள்ள 440 பேர் 24 வாரம் மருந்து சாப்பிட்டார்கள். சுக்கு, சீந்தில் முதலியன சேர்ந்த மருந்து, அலோபதி வலிமாத்திரையான செலிகாக்சிபுக்குச் சமமாக வேலை செய்தது. ஆனால் அதே ஆய்வில் சிலருக்குக் கல்லீரல் பரிசோதனைக் கணக்கு ஏறியதும் பதிவாயிற்று. பச்சிலை மருந்தில் பக்கவிளைவே இல்லை என்ற பேச்சுக்கு இது பதில்.

பெர்லின் நகரத்துச் சாரிட்டே ஆஸ்பத்திரி 151 முழங்கால் நோயாளிகளிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மசாஜ், ஒற்றடம், ஆகார மாற்றம், யோகப் பயிற்சி எல்லாம் சேர்ந்த ஆயுர்வேத சிகிச்சை, வழக்கமான சிகிச்சையைவிட அதிக நிவாரணம் தந்தது. தாம் எந்தச் சிகிச்சை பெறுகிறோம் என்று நோயாளிகளுக்குத் தெரியும் என்பது அதன் பலவீனம். ஆயினும் ஒன்று தெளிவு: பலன் தந்தது குப்பியல்ல, முழுச் சிகிச்சை.

சட்டமும் சந்தையும்

குப்பியில் அடைத்ததே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. 1902-ல் கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கி, கஷாயத்தையும் தைலத்தையும் முறையாகத் தயாரித்து விற்றபோது அது மக்களுக்கு வசதியாகவே இருந்தது. சென்னையில் 1944-ல் வைத்தியர்களே கூடிக் கூட்டுறவு மருந்து நிலையம் ஏற்படுத்தினார்கள். குற்றம் குப்பியில் அல்ல, குப்பியின் மேல் ஒட்டிய பொய்யில் இருக்கிறது.

வாத நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் வாதநோய் பேர் சொல்லியே இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு மேலாயிற்று! விளம்பரம் நின்றதா?

2018 டிசம்பரில் ஒரு நல்ல விதி வந்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வாங்கவேண்டும் என்று மருந்து விதிகளில் 170-வது விதி சேர்க்கப்பட்டது. 2023-ல் அதை அமல்படுத்த வேண்டாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகமே கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியையே நீக்கியது. உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்தது; தடையும் போயிற்று; விதியும் போயிற்று. யாருக்காகப் போயிற்று? வலியில் துடிக்கும் நோயாளிக்காகவா, விளம்பரத்தில் கோடி கொட்டும் கம்பெனிக்காகவா? வாசகர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

இது வெறும் பண நஷ்டமல்ல. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதச் சரக்குகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. இன்னும் மோசமான ஏமாற்று, பேரில்லாத பொடியில் ஸ்டீராய்டு கலப்பது. இரண்டே நாளில் வலி மாயமாகும். சில மாதத்தில் முகம் ஊதும், எலும்பு தளரும், சர்க்கரை ஏறும்.

ஓய்வு யாருக்கு?

இனி, இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

ஆயுர்வேதம் மருந்து மட்டும் சொல்லவில்லை. வாழ்க்கை முறை சொல்கிறது. பஞ்சகர்மம் செய்துகொண்டவன் பாரம் தூக்கக்கூடாது, அதிகம் நடக்கக்கூடாது, நெடுநேரம் உட்காரக்கூடாது, வெயிலும் காற்றும் படக்கூடாது. அதற்கு மேலும் ஒரு விதி உண்டு. வஸ்தி முதலிய சிகிச்சைக்கு எத்தனை நாள் ஆனதோ, அதைப்போல் இரண்டு மடங்கு நாள் பத்தியம் காக்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிகிச்சை 14 நாள் என்றால் பத்தியம் 28 நாள். மொத்தம் 42 நாள். தினக்கூலிக்காரிக்கு 42 நாள் கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியுமா? அவளுக்குச் செய்த எண்ணெய்ச் சிகிச்சையை மறுநாள் காலையில் சேற்றுவயலும் அண்டி ஆபீசும் கழுவிப் போட்டுவிடும். அதனால்தான் அவள் மருந்துக்கடையில் நின்று வலிமாத்திரை வாங்கி விழுங்குகிறாள். வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை, வேறு வழியில்லை!

அதே நேரத்தில், கோவளம் தொடங்கி நம் கடற்கரை நெடுக உல்லாச விடுதிகளில் பிழிச்சிலும் கிழியும் நடக்கின்றன. வாரக்கணக்கில் தங்கி ஓய்வெடுக்க வசதியுள்ளவனுக்கு ஆயுர்வேதம் முழுதாகக் கிடைக்கிறது. உழைத்து மூட்டுத் தேய்ந்தவளுக்கு அதன் பேர் ஒட்டிய குப்பி கிடைக்கிறது. இது என்ன நியாயம்?

செய்யத்தக்கது, தகாதது

நோயில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. தேய்மான வலிக்கு வெதுவெதுப்பான தைலமும் ஒற்றடமும் இதம் தரும். தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், கூடின எடையைக் குறைப்பதும் அதைவிடப் பலன் தரும். ஆனால் மூட்டு சிவந்து சுட்டு வீங்கியிருந்தால் அதைப் போட்டுத் தேய்க்காதீர்கள். காலையில் எழுந்ததும் விரல் மடங்காத இறுக்கம் அரைமணிக்கு மேல் நீடித்தால், வீக்கம் வாரக்கணக்கில் போகாதிருந்தால், காய்ச்சலும் சேர்ந்தால், உடனே டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முடக்குவாதத்தில் முதல் சில மாதங்கள் விலைமதிப்பற்றவை. அந்த நேரத்தில் தக்க மருந்து கிடைத்தால் மூட்டு கோணுவதைத் தடுக்கலாம். மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் யார் பேச்சையும் கேட்டு அதைத் திடீரென்று நிறுத்தவேண்டாம். ஆயுர்வேத மருந்தும் கூடச் சாப்பிடுவதானால் இரண்டு வைத்தியருக்கும் சொல்லிவிடுங்கள். பேரும் பட்டியலும் இல்லாத பொடியைத் தொடவே வேண்டாம்.

நாம் கேட்பது

தனி மனிதன் கவனமாக இருந்தால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. நாம் கேட்பவை இவை:

முதலாவது, கோட்டாற்றுக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மூட்டுநோய்ச் சிகிச்சை மாவட்டத்தின் ஆறு தாலுகாக்களுக்கும் போகவேண்டும். பேச்சிப்பாறை மலைத் தொழிலாளியும் நீரோடிக் கடற்கரைத் தொழிலாளியும் ஒருநாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து நாகர்கோவிலுக்கு வரத்தான் வேண்டும் என்ற நிலை மாறவேண்டும். அங்கேயே ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இருக்கவேண்டும். நோய்க்குத் தக்கபடி அலோபதி டாக்டரிடம் அனுப்பும் ஏற்பாடும் வேண்டும்.

இரண்டாவது, மருந்து. தமிழக சர்க்காருக்கு 1983 முதல் சொந்த மூலிகை மருந்துக் கழகமான டாம்ப்கால் இருக்கிறது. தைலமும் கஷாயமும் அங்கே தயாராகி, உலோகக் கலப்புச் சோதிக்கப்பட்டு, தடையின்றி இலவசமாகக் கிடைக்கவேண்டும்.

மூன்றாவது, ஓய்வுக்குக் கூலி. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு வருஷத்தில் 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக உண்டு. மேலே போட்ட 42 நாள் கணக்கு இதற்குள் தாராளமாக அடங்கும்! ஆனால் பதிவேட்டில் பேரில்லாமல் வீட்டிலிருந்து முந்திரி உரிக்கும் பெண்ணுக்கும், நடவுப் பெண்ணுக்கும், மீன் விற்கும் தாய்க்கும் என்ன உண்டு? ஆயுர்வேத உள்நோயாளியாகச் சேரும் முறைசாராத் தொழிலாளிக்கு நலவாரியங்கள் மூலம் சிகிச்சைக்காலக் கூலி தரவேண்டும்.

நான்காவது, வேலையையே மாற்றவேண்டும். 2021-ல் தமிழகச் சட்டசபை கடைத் தொழிலாளிக்கு உட்காரும் உரிமை தந்தது. நாள் முழுதும் நிற்கவைத்தால் கால் கெடும் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. நாள் முழுதும் குந்தவைத்தாலும் கெடத்தானே செய்யும்? முந்திரி ஆலையில் தக்க உயரத்தில் இருக்கையும் மேசையும், இடையிடையே ஓய்வும், வேலையை மாற்றிக் கொடுக்கும் முறையும் வேண்டும். அரசு ரப்பர் கழகம் சர்க்காரின் சொந்த நிறுவனம். அதன் தோட்டங்களில் ஆண்டுதோறும் மூட்டுப் பரிசோதனையை முதலில் தொடங்கி மற்றவர்களுக்கு வழிகாட்டட்டும்.

ஐந்தாவது, பொய் விளம்பரத்துக்கு முன் அனுமதி விதி மீண்டும் வரவேண்டும். 1954-ம் வருஷச் சட்டம் காகிதத்திலிருந்து இறங்கிக் கடைத்தெருவுக்கு வரவேண்டும்.

ஆறாவது, ஆராய்ச்சி. பெர்லினில் நடக்கிற சோதனை கோட்டாற்றில் ஏன் நடக்கக்கூடாது? நம் நடவுப் பெண்களின் முழங்காலில் எந்தச் சிகிச்சை எவ்வளவு பலன் தந்தது என்று வருஷாவருஷம் கணக்கெடுத்து, பலித்ததையும் பலிக்காததையும் தமிழில் வெளியிடவேண்டும். அப்போதுதான் ஆயுர்வேதம் வளரும். வெறும் புகழ்பாடலால் வளராது.

இவற்றில் எதுவும் ஆகாயக் கோட்டையல்ல. கல்லூரி இருக்கிறது, கழகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, நலவாரியம் இருக்கிறது. எல்லாம் தனித்தனியே கிடக்கின்றன. தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் இந்தக் கோரிக்கைகளைத் தங்கள் மகஜரில் சேர்க்கட்டும். கூலி உயர்வைக் கேட்பது போலவே, தேய்ந்த மூட்டுக்குச் சிகிச்சையையும் அந்தச் சிகிச்சை முடியும்வரை ஓய்வையும் உரிமையாகக் கேட்கட்டும்.